மடித்து எடுத்துச் செல்லும் மரம்

திருத்துறைப்பூண்டி ரயில் நிலையத்தில் அகஸ்தியம்பள்ளி வண்டிக்காகக் காத்திருந்தேன். என் தோளில் தொங்கிய நீண்ட துணி உறையைப் பார்த்த ஒரு பெரியவர், "தூண்டிலா, சார்?" என்று விசாரித்தார். சற்று நேரங்கழித்து வந்த மற்றொருவர், "நாகஸ்வரமா? எந்த ஊரில் கச்சேரி?" என்றார். சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள தூரத்தை என் வகுப்புப் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். ஆனாலும் ஒரு கணம் மார்பை நிமிர்த்திக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உண்மையில் பெரியவர் சொன்னதுதான் சரி. அல்லது முக்கால் பங்கு சரி. இங்கிலாந்து முதலிய நாடுகளில் குளக்கரையில் உட்கார்ந்து மீன் பிடிப்போர், தண்ணீரின் நடுவரை எட்டுவதற்காகக் கண்ணாடி நாரினால் செய்த நீண்ட கழிகளை வைத்திருப்பார்கள். தூரதிருஷ்டிக் கண்ணாடியை இழுத்து நீட்டுவதுபோல் அதையும் இழுத்து நீட்டலாம். வேலை முடிந்ததும் ஒன்றினுள் ஒன்றாகத் தள்ளி மடித்துவிடலாம். அந்தக் கழியைப் பார்த்த வானொலிப் பித்தர்கள் மீனை மறந்துவிட்டு, "இதன் நுனியில் ஒரு கம்பியைக் கட்டினால் என்ன?" என்று யோசித்தார்கள். என் உறைக்குள் இருந்ததும் அத்தகைய ஒரு கழிதான். மடித்திருக்கும்போது அதன் நீளம் சுமார் 115 சென்டிமீட்டர். கைத்தடியைவிடக் கொஞ்சம் அதிகம். எடை இரண்டு கிலோவுக்குள். நீட்டினால் 10 மீட்டர், ஏறக்குறைய மூன்று மாடி வீட்டின் உயரம்.

வானொலிப் பித்தர்கள் என்று சொன்னேனே, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மத்திய அரசாங்கம் நடத்தும் பரீட்சையில் தேறி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, சொந்த வானொலிக் கருவியால் உலகத்தில் உள்ள மற்ற உரிமதாரர்களுடன் பேசுகிறவர்கள் இவர்கள். 'ஹாம்' என்று பெயர். வியாபாரம் பேசக்கூடாது, காசு வாங்கக்கூடாது. நாற்பதைத் தாண்டிய பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு இந்தப் பித்து பிடித்ததற்குக் காரணம் ஒரு புயல்.

2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. என் தங்கையை அகஸ்தியம்பள்ளிக்குச் சற்று உள்ளே ஒரு கிராமத்தில் கொடுத்திருக்கிறோம். நான் கும்பகோணத்தில் இருந்தேன். அன்று காலை அவளுடைய டெலிபோன் அடிக்கவில்லை. மறுநாளும் அடிக்கவில்லை. மின்கம்பங்களோடு டெலிபோன் கோபுரங்களும் ஊமையாகிவிட்டன என்று பத்திரிகையில் படித்தோம். என் தாயார் நான்கு நாட்கள் சோற்றைத் தொட்டாரே தவிர உண்ணவில்லை. ஐந்தாம் நாள் நானே புறப்பட்டுப் போனேன். சாலையின் குறுக்கே கிடந்த மரங்களை அறுத்து அறுத்து வழி செய்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆறு கிலோமீட்டர் நடைதான். தங்கை ஒரு தார்ப்பாயின் கீழே மூன்று கற்களை வைத்து உலை மூட்டிக்கொண்டிருந்தாள். ஓட்டு வீட்டில் பாதி இல்லை. தோப்பில் ஒரு தென்னை இல்லை. என்னைக் கண்டதும் அவள் அழவில்லை. "அண்ணா, தோப்பு போனதுகூடப் பெரிதில்லை. நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று அம்மாவுக்குச் சொல்ல ஒரு வழி கிடைக்கவில்லையே!" என்றாள்.

அந்த வாக்கியம் என்னை விடவில்லை. தந்தி இலாகாவில் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு சிநேகிதர் எங்கள் தெருவில் இருக்கிறார். 2013-ல் தந்தி சேவையையே நிறுத்திவிட்டபோது, சொந்தக்காரர் ஒருவர் காலமானதுபோல் துக்கம் கொண்டாடியவர். அவர் பழைய ஹாம். அவரிடந்தான் பாடம் கேட்டேன், பரீட்சையும் தேறினேன். சென்ற பங்குனியில் நான் மேற்கொண்ட இந்தப் பிரயாணத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. தங்கை கிராமத்திலிருந்து, மின்சாரமும் டெலிபோனும் இல்லை என்று பாவித்துக்கொண்டு, கும்பகோணத்தில் இருக்கும் அவருடைய காதில் ஒரு வார்த்தையை விழச் செய்ய முடியுமா என்று பார்ப்பது.

திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 37 கிலோமீட்டர். பழைய மீட்டர் கேஜ் பாதையை எடுத்துவிட்டு அகலப் பாதை போட்டு, 2023 ஏப்ரலில்தான் மறுபடி திறந்தார்கள். நெய்விளக்கு, தோப்புத்துறை என்று நிலையங்களின் பெயர்களே ஒரு கதை சொல்லும். 'வேதாரண்யம் விளக்கழகு' என்று முன்னோர்கள் சொன்ன ஊரை நெருங்குகிறோம் என்பதற்கு நெய்விளக்கைவிடப் பொருத்தமான அறிவிப்பு வேறென்ன வேண்டும்? ஆனால் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது எனக்குத் தோன்றியது வேறு. வானம் மிக அதிகமாகத் தெரிந்தது. முன்பு இந்தப் பக்கம் வந்தால் தென்னை ஓலைகளுக்கிடையே துண்டு துண்டாகத்தான் வானம் தெரியும். இப்போது ஒட்டு மொத்தமாகத் தெரிகிறது. புயலுக்குப் பின் வைத்த கன்றுகள் வளர்ந்துதான் வருகின்றன. பழைய மரங்களின் உயரத்துக்கு வர அவற்றுக்கு இன்னும் காலம் வேண்டும்.

அகஸ்தியம்பள்ளியில் இறங்கியதும் உப்பு சத்தியாக்கிரக ஸ்தூபியின் அருகே சிறிது நேரம் நின்றேன். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் திருச்சிராப்பள்ளியிலிருந்து நடக்கத் தொடங்கி, 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்து, 30-ஆம் தேதி இங்கேதான் உப்பை அள்ளினார்கள். தொண்டர்களுக்குச் சோறும் இடமும் கொடுப்போருக்குத் தண்டனை என்று தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் துரை உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரங்களின் கிளைகளில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். மரத்தைக் கைது செய்ய எந்தச் சட்டத்திலும் இடமில்லை அல்லவா?

மரத்தின் உதவி ஹாம்களுக்கும் தேவை. கருவி எத்தனை உயர்ந்ததாயினும் ஏரியல் கம்பி தரையில் கிடந்தால் பிரயோசனமில்லை. வெளியூர் போகும் ஹாம் முதலில் நல்ல மரத்தைத் தேடுவான். கல்லில் நூலைக் கட்டிக் கிளைக்கு மேலே எறிந்து, நூலைப் பற்றிக் கம்பியை ஏற்றுவான். ஆனால் எந்த ஊரில் அந்த உதவி மிகவும் வேண்டியிருக்கிறதோ அந்த ஊரில் மரம் நிற்பதில்லை. மரம் விழுந்ததனால்தானே டெலிபோனும் போயிற்று! மூங்கில் இருக்கிறதே, சவுக்கு இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல கழிகள்தாம். ஆனால் 10 மீட்டர் மூங்கிலோடு என்னை எந்தப் பஸ்ஸில் ஏற்றுவார்கள்? குழி தோண்டி நிறுத்த நாலு ஆள் வேண்டாமா? அதனால்தான் இந்த மடிக்கும் மரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தேன்.

தங்கை வீட்டில் காபி சாப்பிட்டுவிட்டு, மாப்பிள்ளையும் தங்கையின் மகளும் கூட வர, உப்பளங்களின் ஓரத்தில் இருந்த அவர்களுடைய சொந்தப் பொட்டல் நிலத்துக்குப் போனோம். எதிரே பாத்தி பாத்தியாக வெள்ளைத் தரை. கரையில் குவித்து வைத்த உப்பு அம்பாரங்கள். கண் கூசியது. கோடியக்கரைக் கடற்கரைக்கே போகலாமே என்றார் மாப்பிள்ளை. அங்கே வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. மானையும் பறவையையும் தொந்தரவு செய்து பேசவேண்டிய அவசரம் எனக்கில்லை. மேலும், மின்கம்பி போகாத இடமாகவும் இருக்கவேண்டும். கழி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியில் படாதபடி, அதன் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரமாவது விலகி நிற்பது என் வழக்கம். இந்த விஷயத்தில் நான் கோழை.

கழியை நீட்டுவதில் ஒரு முறை இருக்கிறது. மேலே உள்ள மெல்லிய துண்டை முதலில் இழுத்து லேசாகத் திருக வேண்டும். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பலமாகத் திருகினால் பிறகு கழற்ற முடியாது. திருகாமல் விட்டால் நிற்காது. நுனித் துண்டு நாணல் மாதிரி இருக்கும். கம்பியோடு கேபிளின் கனத்தையும் அதில் தொங்கவிட்டால் வில்லாக வளைந்துவிடும். ஆகையால் ஒரு மீட்டர் கீழே, சற்றுத் தடித்த இடத்தில் கட்டினேன். கரிநாரினால் செய்த கழிகளும் கடையில் கிடைக்கின்றன; இன்னும் லேசு. ஆனால் கரிநார் மின்சாரத்தைக் கடத்தும். கம்பியோடு சேர்ந்து அதுவும் ஏரியலாகப் பார்க்கும்; கணக்கெல்லாம் கெட்டுப்போகும். கண்ணாடி நார் அப்படியல்ல. கம்பியைத் தாங்குவதோடு சரி. கம்பியின் காரியத்தில் தலையிடாது. நல்ல சம்பந்தி போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உபயோகித்த அலைவரிசை 7 மெகாஹெர்ட்ஸ். 40 மீட்டர் அலை என்பார்கள். அதற்குப் பாதி அலை நீளமுள்ள கம்பி, அதாவது 20 மீட்டர் வேண்டும். நடுவில் வெட்டி, கேபிளின் இரு இழைகளை இரு பாதிகளோடும் இணைத்தேன். நடுப்பாகம் கழியில் 9 மீட்டர் உயரத்தில். இரு கைகளும் கூடாரத்தின் இரு புறம்போல் சரிந்து இறங்கும். நுனிகளை நைலான் கயிற்றால் முளைகளில் கட்டினால் தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் நிற்கும். பேசும்போது நுனியில் மின்னழுத்தம் அதிகம். கை பட்டால் சுடும். அதனால் ஆள் கைக்கு எட்டாமல் கட்டவேண்டும்.

முளை அடித்தபோதுதான் வேதாரண்யத்து மண் என்னைப் பார்த்துச் சிரித்தது. மேலே காய்ந்த பொருக்கு, கீழே களி. அடித்த முளை அரை நிமிஷம் நின்று, பிறகு மரியாதையாகச் சாய்ந்தது. பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த இரண்டு பேர் வெகு நேரமாக எங்களைக் கவனித்திருக்கிறார்கள். அவர்களில் வயதான ஒருவர் வந்து, "வாத்தியார் ஐயா, இந்த மண்ணில் முளை நிற்காது. சாக்கில் ஈர மண்ணைப் போட்டுப் புதையுங்கள்" என்றார். சொன்னதோடு நில்லாமல் மூன்று பழைய சாக்குகளைக் கொண்டுவந்து நிரப்பி, முழ ஆழத்தில் புதைத்து, கயிற்றின் முனையை வெளியே விட்டுக் கொடுத்தார். கழியின் நடு உயரத்திலிருந்து மூன்று திசைகளிலும் கயிறுகளை இழுத்து அவற்றில் கட்டினேன். அதற்கப்புறம் கடற்காற்றில் கழி நடனமாடிற்றே தவிர இடம் பெயரவில்லை. கம்பியின் நுனிகளையும் அவ்விதமே கட்டினோம்.

ஆனால் வேறொரு காரியம் செய்தது. பத்தரை மணிக்குக் கருவியைத் திறந்து, என் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிட்டேன். தூரத்தில் சிநேகிதரின் குரல் கேட்பது போலிருந்தது. "மாமா! மாமா! மரம் குள்ளமாகிறது!" என்று தங்கை மகள் கத்தினாள். நிமிர்ந்து பார்த்தேன். காற்றின் அதிர்வில் பூட்டு விட்டுப்போய், கழி ஒவ்வொரு துண்டாகத் தனக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விநாடியில் ஏரியல் முழுவதும் என் தலையில். உப்பளத்துப் பெரியவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீழே கிடந்தபோது மணலும் உப்பும் மூட்டுகளில் ஏறிவிட்டன. அடிமூடியைத் திருகி எடுத்து, துண்டுகளைத் துணியால் துடைத்து, மறுபடி நீட்டினோம். இந்த முறை ஒவ்வொரு மூட்டிலும் எலெக்ட்ரீஷியன் உபயோகிக்கும் டேப்பைச் சுற்றினேன். இதை முதலிலேயே செய்திருக்கவேண்டும். என் சிநேகிதர் மூன்று தடவை சொல்லித்தான் அனுப்பினார்.

டேப்பைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மோட்டார் சைக்கிளில் ஒரு போலீஸ்காரர் வந்து இறங்கினார். கடலோர ஊர், அக்கரையில் இலங்கை. சந்தேகம் நியாயமானதே. முன்னதாகவே காவல் நிலையத்துக்கு எழுதியிருந்த கடிதத்தின் நகலையும் உரிமத்தையும் காட்டினேன். படித்துப் பார்த்தார், மாப்பிள்ளை கொடுத்த மோரைக் குடித்தார், "புயல் சமயத்தில் ஸ்டேஷனுக்கும் ஒன்று இருந்தால் தேவலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன திசையைப் பார்த்தபோது 1942-ஆம் வருஷம் நினைவுக்கு வந்தது. 1939-ல் யுத்தம் மூண்டதுமே அமெச்சூர் உரிமங்களை அரசாங்கம் ரத்து செய்திருந்தது. 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் தலைவர்கள் பலரும் சிறைப்பட்ட பின், பம்பாயில் உஷா மேத்தா என்ற 22 வயதுப் பெண்ணும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் ரேடியோவை ரகசியமாக நடத்தினார்கள். போலீஸ் கண்டுபிடிக்காதபடி வீடு விட்டு வீடு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மாறிய ஒவ்வொரு தடவையும் ஏரியலை அவிழ்த்துக் கட்டியாக வேண்டும். எவ்வளவு நெஞ்சுரம்! நவம்பர் 12-ஆம் தேதி அகப்பட்டார்கள். உஷா மேத்தாவுக்கு நான்கு வருஷ தண்டனை. அவர்கள் அறிவித்த அலை நீளம் 42.34 மீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய 7.08 மெகாஹெர்ட்ஸ். இன்று இந்திய ஹாம்களுக்கு ஒதுக்கியிருக்கும் 7.0 முதல் 7.2 வரையிலான பகுதிக்குள்ளே சரியாக விழுகிறது. எந்த அலையில் பேசியதற்காக அவர்கள் சிறை சென்றார்களோ, அதன் பக்கத்திலேயே நான் மோர் குடித்துக்கொண்டு பேசப்போகிறேன்.

பதினொன்றேகால் மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். முதல் கூப்பீட்டிலேயே பதில் வந்தது. "ஐந்து ஒன்பது, ஐந்து ஒன்பது. பக்கத்து அறையிலிருந்து பேசுவது போல் இருக்கிறதே! ஏன் இவ்வளவு தாமதம்?" ஐந்து என்றால் குரல் தெளிவு, ஒன்பது என்றால் பலம். இரண்டும் நிறை மதிப்பெண்கள். தாமதத்தின் காரணத்தை நான் விவரமாகச் சொல்லவில்லை.

கும்பகோணம் அங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 80 கிலோமீட்டர். கைக்கு அடக்கமான சிறு கருவிகளின் அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை இவ்வளவு தூரம் போக விடாது. 7 மெகாஹெர்ட்ஸ் அலையோ மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும். வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவுக்குப் பேச விரும்புகிறவன் இந்த அலைக்கு ஏரியலை 20 மீட்டருக்கு ஏற்றத் தவிப்பான். பக்கத்து ஜில்லாவுக்குப் பேச வேண்டியவனுக்கு அந்த உயரம் வேண்டியதில்லை. கால் அலை உயரம், அதாவது 10 மீட்டருக்குள் இருந்தால், அலை நீரூற்றுப் போல் நேரே மேலே எழும்பி, சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்குத் தூறலாக இறங்கும். புயலில் அகப்பட்ட ஊருக்கு வேண்டியது அதுதான். ஜில்லாத் தலைநகருக்கு எட்டினால் போதும். இந்தக் கழியின் உயரமும் அந்தத் தேவையும் பொருந்தி வந்திருக்கின்றன. பகல் முழுவதும் இப்படிப் பேசலாம். பின்னிரவில் பெரும்பாலும் அருகில் உள்ளவர் குரல் மங்கித் தூரத்தார் குரல் மேலோங்கும். அப்போது இன்னும் நீண்ட அலைக்கு மாறவேண்டும்.

2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் இருந்த ஹாம்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பாரதி பிரசாத் என்ற அம்மையாரின் தலைமையில் அவர்கள் பொழுதுபோக்குக்காகவே போர்ட் பிளேர் சென்றிருந்தார்கள். பூமி அதிர்ந்த நாளிலிருந்து விளையாட்டை நிறுத்திவிட்டு, தீவில் இருப்பவர்களின் க்ஷேம சமாசாரங்களைத் தாய்நாட்டுக்கு அனுப்பும் வேலையில் இறங்கினார்கள். நாலு நாள் பட்டினி கிடந்த ஒரு தாயாரின் மகனுக்கு அந்தச் செய்திகளின் விலை தெரியும்.

தங்கை மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். உரிமம் இல்லாதவள் ஆகையால் அவளைப் பேச விடவில்லை. கேட்கத் தடையில்லை. சிநேகிதர் கும்பகோணத்திலிருந்து, "தங்கள் தாயார் இங்கேதான், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்றார். "என் தங்கையும் இங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்; சௌக்கியம்" என்றேன். அதற்குமேல் இரு பக்கமும் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அலையில் இரைச்சல் மாத்திரம் கேட்டது.

பிறகு தங்கை கழியை அடியிலிருந்து நுனிவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் எதையும் லேசில் மெச்சமாட்டாள். "புயல் அடிக்கும்போது இது நிற்குமா, அண்ணா?"

"நிற்காது. நாமே பார்த்தோமே, கடற்காற்றுக்கே உட்கார்ந்துவிட்டது."

"பின்னே என்ன பிரயோசனம்?"

"புயல் அடிக்கும்போது இதை நிறுத்துவானேன்? மின்னலும் காற்றும் இருக்கும்போது வெளியே வைக்கவே கூடாது. மடித்துப் பரணில் போட்டிருக்கும். கோபுரம் நின்றுகொண்டே இருந்தது, அதனால் விழுந்தது. தென்னையும் அப்படியே. இது படுத்திருக்கும், காற்று ஓய்ந்த பிறகு எழுந்திருக்கும்."

அவள் சிறிது யோசித்தாள். "கஜாவில் பரணும் போய்விட்டதே" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. மாப்பிள்ளைதான் சொன்னார்: புதிதாகக் கட்டிய சமையலறைக்குக் கான்கிரீட் தளம் போட்டிருக்கிறது; அதன் சுவரில், ஜன்னலுக்கு மேலே, இரண்டு கொக்கி அடித்துவிடலாம் என்று.

சாயங்காலம் கழியை மடித்தோம். அடியிலிருந்து தொடங்கித் துண்டு துண்டாக இறக்கவேண்டும். ஒரு மூட்டு மட்டும் பிடிவாதம் செய்தது. பலகையின் மேல் செங்குத்தாக மெல்லத் தட்டியதும் வழிக்கு வந்தது. கிணற்றடியில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி, ஒவ்வொரு குழலாக வெயிலில் காயவைத்தாள் தங்கை மகள். அவளுக்குப் பதின்மூன்று வயது. பரீட்சைக்குப் பன்னிரண்டு வயது ஆனாலே போதும் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னதை அவள் விட்டுவிடவில்லை. என் பையிலிருந்த பாடப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டுவிட்டாள். திருப்பிக் கேட்க எனக்கும் மனம் வரவில்லை.

மறுநாள் ரயிலில் ஏறியபோது என் தோளில் உறை இல்லை. கழியும் கம்பியும் சமையலறை ஜன்னலுக்கு மேலே, குடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. தோப்புத்துறையில் ஏறிய ஒருவர் என் கைப்பெட்டியைப் பார்த்து, "ஆர்மோனியமா, சார்?" என்று கேட்டார்.